படத்தின் பின்பக்கம்

பெரியப்பா வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, பாட்டியின் மூக்குத்தித் திருகாணி, என்றோ கட்டிய ஏதோ பணத்துக்கான ரசீதுகள், பிறகு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். லயத்து வீட்டின் படிக்கட்டில் ஏழு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவது பையன் பெரியப்பா. சட்டை இல்லை, கால்சட்டையை அரைஞாண் கயிறுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் பால் வாளி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது.

அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. லயங்களை இடித்துப் பல வருஷமாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் அந்த லயத்தைக் காட்டும் ஒரே படம் இதுதான். எடுத்தது நாங்கள் இல்லை. பெரியப்பா டவுனில் இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஓர் அமெரிக்க வாத்தியார். 1990களில் ஒருநாள் அவர் மனைவியோடு சுங்கை ரம்பாய்க்கு வந்து, கடைத்தெருவில் விசாரித்து, பெரியப்பாவைக் கண்டுபிடித்து, படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம்.

படத்தின் பின்பக்கத்தில் பென்சிலில், ஆங்கிலத்தில், 'தோட்டத்துப் பையன்கள், மலாக்கா, 1968' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே நீலப் பேனாவில், தமிழில், ஏழு பெயர்கள். அது பெரியப்பாவின் கையெழுத்து.

"ஏன் பெரியப்பா பேரெல்லாம் எழுதி வெச்சீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவருக்கு எல்லாரையும் ஞாபகம் இருந்துச்சுடா. பேருதான் மறந்துபோச்சு. நாமளும் எழுதலன்னா அப்புறம் யாருக்குத் தெரியும்?" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. வாத்தியார் மேல் அவருக்கு இன்றைக்கும் மரியாதைதான்.

இரு நாடுகளுக்கிடையே நட்பை வளர்ப்பது, பண்பாட்டுப் பரிமாற்றம், உறவுப் பாலம் என்றெல்லாம் மேடைகளில் கேட்கும்போது எனக்கு இந்தப் படத்தின் பின்பக்கம்தான் ஞாபகம் வரும். ஒருவர் வருகிறார், நம்மோடு இருக்கிறார், திரும்பிப் போகிறார். போனபின் தன் ஊரில் நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்? அந்தச் சொல்லில் நமக்குப் பெயர் இருக்கிறதா? நட்பின் கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் நாம் கொண்டாடும் சில பெயர்களையும் சில புத்தகங்களையும் திரும்ப எடைபோட வேண்டிவரும்.

*

அந்த வாத்தியாரை அனுப்பிய அமைப்பின் பெயர் பீஸ் கோர். இங்கே பழைய ஆட்கள் அதை 'அமைதிப் படை' என்பார்கள். தமிழ்நாட்டு நண்பர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் பாதிப் பேருக்கு 1987 யாழ்ப்பாணமும் மீதிப் பேருக்கு சத்யராஜும் நினைவுக்கு வருகிறார்கள். அதனால் பீஸ் கோர் என்றே சொல்லிவிடுகிறேன்.

1961 மார்ச்சில் கென்னடி தொடங்கிய அமைப்பு அது. மலாயாவுக்கு முதல் குழு 1962-இல் வந்தது. 1983 வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் 4,000-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் இங்கே ஆசிரியர்களாகவும் தாதியராகவும் நில அளவையாளர்களாகவும் வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் வந்ததில் பனிப்போர் அரசியல் இருந்தது. கம்யூனிசம் பரவாமல் இருக்க அமெரிக்கா தன் இளைஞர்களின் சிரித்த முகத்தையும் அனுப்பியது என்பதை மறுக்க முடியாது. அதற்காக, ஊரைவிட்டு வந்து இரண்டு வருஷம் கொசுக்கடியில் கிடந்து பாடம் நடத்திய இருபத்திரண்டு வயதுப் பையனை உளவாளி என்று ஒதுக்கிவிட்டால் அதுவும் நியாயமில்லை.

அந்த அமைப்புக்கு மூன்று குறிக்கோள்கள். கேட்கும் நாடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்களைத் தருவது முதலாவது. அந்த நாட்டு மக்கள் அமெரிக்கர்களைப் புரிந்துகொள்ள உதவுவது இரண்டாவது. அமெரிக்கர்கள் மற்ற நாட்டு மக்களைப் புரிந்துகொள்ள உதவுவது மூன்றாவது. முதல் இரண்டும் இரண்டு வருஷத்தில் முடிந்துவிடும். மூன்றாவது, தொண்டர் விமானம் ஏறிய பிறகுதான் தொடங்குகிறது; சாகும்வரை முடியாது. திரும்பிப் போன தொண்டர்கள் சங்கமாகக் கூடுவதும், பழைய ஊர்களைத் தேடி வருவதும், நினைவுக் குறிப்புகள் எழுதுவதும் அந்த மூன்றாவது குறிக்கோளின் கணக்கில்தான் வரும். பெரியப்பாவின் வாத்தியார் படத்தோடு வந்ததும் அப்படித்தான்.

ஆனால் அவர்கள் எங்கள் ஆட்களை எந்த வாசல் வழியாகப் பார்த்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மலேசியாவுக்கு வந்த தொண்டர்களுக்குக் கற்றுக்கொடுத்த மொழி மலாய். அவர்களில் ஆசிரியர்கள் பெரும்பாலும் போனது அரசாங்க இடைநிலைப் பள்ளிகளுக்கு. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையோ தோட்டத்துக்குள் இருக்கும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படிக்கும். அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் டவுனுக்குப் போய்ப் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து மொழியைப் பிடித்துக்கொண்டு பிறகுதான் மற்றவர்களோடு சேர வேண்டும். பாதிப் பிள்ளைகள் அந்த வருஷத்திலேயே உதிர்ந்துவிடுவார்கள். மிஞ்சிய பிள்ளைதான் வெள்ளைக்கார வாத்தியாரின் கண்ணில் படும். அதாவது தொண்டர் பார்த்த தமிழன், தமிழைப் பள்ளி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவன். படத்திலிருக்கும் ஏழு பேரில் அவருடைய வகுப்பில் இருந்தது பெரியப்பா மட்டும்தான். மற்ற ஆறு பேரும் வெட்டுக்குப் போய்விட்டார்கள்.

*

இந்தப் பக்கத்து வாழ்க்கையை உலகத்துக்குச் சொன்ன ஆங்கிலப் புத்தகங்களில் பால் தெரூவின் 'தி கான்சல்ஸ் ஃபைல்' (1977) முக்கியமானது. தெரூவும் பீஸ் கோர் தொண்டராக இருந்தவர்தான். மலேசியாவில் அல்ல, ஆப்பிரிக்காவின் மலாவியில். பிறகு 1968 முதல் 1971 வரை சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். கதைகள் நடக்கும் இடம் ஆயர் ஹீத்தாம், ஜொகூரில் இருக்கும் சின்ன டவுன். எங்களுக்குப் பழக்கமான பெயர். தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் அந்த வழியாகத்தான் போகும். அங்கிருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தை இழுத்து மூடுவதற்காக அனுப்பப்பட்ட கான்சல்தான் கதைசொல்லி.

தெரூ பெரிய கதைக்காரர், அதில் சந்தேகமில்லை. வெள்ளைக்காரர்களின் கிளப்பை, அங்கே நடக்கும் சின்னத்தனங்களை, ஆட்சி போனபிறகும் நாற்காலியை விடாத ஆட்களை அவர் காட்டுகிற விதம் கத்தி மாதிரி. ஆனால் அந்தக் கத்தி கிளப்பைத்தான் அறுக்கிறது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் கிளப்பின் வராந்தாவிலிருந்து பார்க்கும் தூரத்தில் வந்துபோகிறார்கள். தன் ஆட்களை இரக்கமில்லாமல் பார்க்கிற எழுத்தாளர், நம்மைப் பார்க்கும்போது கொஞ்சம் விநோதமாகவும் கொஞ்சம் சோம்பேறித்தனமாகவும் பார்க்கிறார். நேர்மையான கதைகள்தான். ஆனால் அந்த நேர்மை ஒரு பக்கத்துக்கு மட்டும். படத்தின் முன்பக்கம் துல்லியம், பின்பக்கத்தில் பெயர் இல்லை.

இதற்கு நேர் எதிராகவும் ஒருவர் இருக்கிறார். கார்ல் வடிவேலா பெல் என்ற ஆஸ்திரேலியர். அவர் தொண்டர் அல்ல. 1970களின் பிற்பகுதியில் கோலாலம்பூரில் ஆஸ்திரேலியத் தூதரகத்தில் பணியாற்றியவர். பத்துமலைத் தைப்பூசத்தைப் பார்த்து, அதிலேயே ஈர்க்கப்பட்டு, பின்னாளில் தானே காவடி எடுத்தவர். பெயருக்கு நடுவில் வடிவேலன் வந்தது அப்படித்தான். அவர் ஊருக்குத் திரும்பிப் போனாலும் விஷயத்தை விடவில்லை. தைப்பூசத்தைப் பற்றி ஆய்வு செய்தார். மலேசிய இந்தியர்களின் வரலாற்றை 'டிராஜிக் ஆர்ஃபன்ஸ்' என்ற தலைப்பில் 2015-இல் புத்தகமாக்கினார். கங்காணி முறை, ஜப்பானியர் காலம், தொழிற்சங்கம், தோட்டத் துண்டாடல் என்று நம் வீட்டுக் கதைகளையெல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக அடுக்கியிருக்கிறார்.

அந்தப் புத்தகத்தோடும் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. 'துயர அனாதைகள்' என்ற தலைப்பைப் பார்த்ததும் பெரியப்பா சிரித்தார். "நம்மள அனாதைன்னு யாருடா சொன்னது? ஒரு கல்யாணம்னா எண்ணூறு பேர் வர்றாங்க." இது நகைச்சுவைதான், ஆனால் அதில் ஒரு விமர்சனம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து நம்மீது அன்பு வைத்தவர்கூட நம்மைத் துயரத்தின் வழியாகத்தான் அடையாளம் காண்கிறார். ஆனாலும் பெல் செய்தது பெரிய வேலை. தான் பார்த்ததோடு நிறுத்தாமல் அதற்குள் இறங்கி, பதில் சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதிவைத்தார். தலைப்பை மறுத்துப் பெரியப்பா பேச முடிகிறது என்றால், அந்தப் புத்தகம் அவரிடம் பேசத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தெரூவின் கதைகளில் மறுத்துப் பேச நமக்கு இடமே இல்லை. அங்கே நாம் யாருமில்லையே.

*

வெள்ளைக்காரர்களைச் சொல்வது சுலபம். நம் சொந்தக்காரர்களுக்கு வருவோம்.

இந்தியாவுக்கும் மலேசியாவுக்குமான பண்பாட்டுப் பரிமாற்றம் என்றால் நமக்கு அது பெரும்பாலும் தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் வந்துபோவதுதான். வந்தவர்களில் என் கணக்கில் முதலில் நிற்பவர் கு. அழகிரிசாமி. அவர் விருந்தாளியாக வரவில்லை. 1950களில் 'தமிழ் நேசன்' பத்திரிகைக்கு வேலை பார்க்க வந்து, 1957 வரை இருந்தார். இலக்கிய வட்டம் நடத்தினார், இங்கிருந்தவர்களின் எழுத்தைத் திருத்தினார், எது இலக்கியம் எது இல்லை என்று மூஞ்சிக்கு நேரே சொன்னார். தொண்டர் என்ற சொல்லுக்கு உண்மையில் பொருந்துகிற ஆள் அவர்தான். மலேசியத் தமிழ் எழுத்தின் சரித்திரத்தை யார் எழுதினாலும் அந்த வருஷங்களைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் அழகிரிசாமி திரும்பிப் போனபின் என்ன நடந்தது? அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் கதைகள் 'ராஜா வந்திருக்கிறார்', 'குமாரபுரம் ஸ்டேஷன்', 'சுயரூபம்', 'அன்பளிப்பு'. எல்லாம் கரிசல் காடு, இல்லையென்றால் சென்னை. இத்தனை வருஷம் வாழ்ந்த நாடு அவருடைய கதை உலகத்தில் ஓரமாகத்தான் ஒதுங்கிக் கிடக்கிறது. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. எழுத்தாளனுக்கு எந்த மண் ஒட்டும் என்பது அவன் கையில் இல்லை. அவர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனதற்கே நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் கணக்கு என்று வந்தால், முதல் குறிக்கோளை முழுசாக நிறைவேற்றியவர் மூன்றாவதைத் தொடவே இல்லை.

அகிலன் இதற்கு நேர் மாறானவர். 1970களில் வந்தார், தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார், திரும்பிப் போய் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். தமிழ்நாட்டு வாசகர்கள் ஏராளமானோருக்கு ரப்பர் தோட்டத்துத் தமிழர் என்று ஒரு கூட்டம் இருப்பதே அந்த நாவல் வழியாகத்தான் தெரிந்தது. அவருடைய அனுதாபம் உண்மையானது. நம்மைப் பற்றி அவ்வளவு பெரிய எழுத்தாளர் எழுதினாரே என்று இங்கே பலருக்கு இன்றும் பெருமை.

எனக்கு அந்த நாவலில் கேட்காமல் போனது எங்கள் பேச்சு. மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் தமிழோடு புரண்டு, வசவும் கிண்டலுமாக ஓடுகிற தோட்டத்துப் பேச்சு. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அந்தச் சத்தம் காதில் விழுந்துவிடும். அகிலனின் மனிதர்கள் நல்லவர்களாக, பாவப்பட்டவர்களாக, போராட வேண்டியவர்களாக இருக்கிறார்கள். முத்துசாமியின் மனிதர்கள் மனிதர்களாக இருக்கிறார்கள்; பொறாமைப்படுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், குடித்துவிட்டுப் பாட்டுப் பாடுகிறார்கள். விருந்தாளிக்கு வீட்டுக்காரன் காட்டுகிற முகம் ஒன்று. விருந்தாளி போனபின் கதவைச் சாத்திவிட்டு இருக்கிற முகம் இன்னொன்று. அகிலனுக்கு நாம் முதல் முகத்தைத்தான் காட்டினோமோ என்னவோ. அப்படியென்றால் தப்பு அவர்மேல் மட்டும் இல்லை.

அப்படியானால் வெளியூர் போய்வந்தவன் எப்படித்தான் எழுத வேண்டும்? தமிழில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அசோகமித்திரன் 1973-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்குப் போனார். 1967-இல் தொடங்கிய திட்டம் அது; பல நாட்டு எழுத்தாளர்களைச் சில மாதங்கள் ஒரே இடத்தில் தங்கவைப்பார்கள். இரு நாட்டு நட்பு என்பதை அமெரிக்கா இப்படியும் செய்துபார்த்தது. திரும்பி வந்து அவர் எழுதிய நாவலின் பெயர் 'ஒற்றன்'. நட்புறவுப் பயணத்தைப் பற்றிய புத்தகத்துக்கு இப்படி ஒரு பெயர்!

அந்தப் புத்தகத்தில் அமெரிக்கப் புகழ்ச்சியும் இல்லை, அமெரிக்க வசையும் இல்லை. குளிர் இருக்கிறது, சாப்பாட்டுத் தொல்லை இருக்கிறது, ஒரே கட்டடத்தில் அடைபட்ட எழுத்தாளர்களின் சந்தேகங்களும் கோபங்களும் இருக்கின்றன. எத்தியோப்பிய எழுத்தாளர் அபே குபேக்னா தன் பெயரோடு, தன் முரட்டுத்தனத்தோடு, தன் தனிமையோடு நம் முன்னால் வந்து நிற்கிறார். கதைசொல்லி தன்னை எங்கேயும் உயர்த்திக்கொள்வதில்லை. முட்டாளாகத் தெரிகிற இடங்களையும் மறைப்பதில்லை. நட்பு என்ற சொல்லை எழுதாமலேயே, அந்நியர்களுக்கு நடுவில் அது எவ்வளவு சிரமப்பட்டு முளைக்கிறது என்று காட்டிவிடுகிறார். அடுத்தவனை எழுதுவதற்கு முன்னால் தன்னை இறக்கிவைக்கத் தெரிய வேண்டும். தெரூவுக்கு அது கிளப் வாசல்வரை வந்தது. அசோகமித்திரனுக்கு முழுசாக வந்தது.

*

'திரும்பியவர்' என்ற சொல்லுக்கு நம் சரித்திரத்தில் இன்னோர் அர்த்தமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

மலாக்கா டவுனைவிட எங்களுக்கு மூவார்தான் பக்கம். அந்தப் பக்கத்தில் மலாக்காவையும் ஜொகூரையும் பிரிப்பது கெசாங் ஆறு. 1964 அக்டோபர் 29-இல், இந்தோனேசியா நம் நாட்டோடு மோதிக்கொண்டிருந்த சமயம், அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் 52 இந்தோனேசியப் படையினர் வந்து இறங்கினார்கள். அவர்களைப் பிடித்தது ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள். 1966 ஆகஸ்ட்டில் ஒப்பந்தம் ஆகி இரு நாடுகளும் நண்பர்களாகிவிட்டன. பகையானாலும் நட்பானாலும் எங்கள் ஊரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அந்தப் படையினர் இறங்கியதற்கு மறுநாள், அக்டோபர் 30, புதுடில்லியில் இன்னொரு நட்பு கையெழுத்தானது. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரு நாடுகளும் பிரித்துக்கொண்டன. போனவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாயகத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

நம் நாட்டில் 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தோட்டத்து ஆட்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். பெரியப்பாவின் படத்தில் ஐந்தாவதாக உட்கார்ந்திருக்கும் பையன் குடும்பத்தோடு அப்போது போனவன்தான். அமெரிக்க வாத்தியார் சூட்கேஸோடு வந்திறங்கிய காலமும், அந்தப் பையன் தகரப் பெட்டியோடு கப்பலேறிய காலமும் ஒன்றே. இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போனவரைத் திரும்பிய தொண்டர் என்று அவர் நாடு கௌரவிக்கிறது. இங்கேயே பிறந்து, பார்க்காத ஊருக்குத் 'திரும்பிய' பையனுக்கு எந்தச் சங்கமும் இல்லை, எந்த ஒன்றுகூடலும் இல்லை. படத்தோடு தேடிவந்த வாத்தியாருக்கு அவன் போய்ச் சேர்ந்த ஊரைச் சொல்லப் பெரியப்பாவிடம் முகவரி இல்லை.

*

சரி, நாம் என்ன செய்தோம்?

விருந்தோம்பலில் நம்மைக் குறை சொல்ல முடியாது. தனிநாயகம் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. பிறகு 1987-இலும் 2015-இலும் இங்கேயே நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து யார் வந்தாலும் மாலை, பொன்னாடை, வாழையிலைச் சாப்பாடு. ஆனால் வந்தவர்களைப் பற்றி நாம் எழுதிய நல்ல கதை எத்தனை? இருபது வருஷம் நம் பள்ளிகளில் பாடம் நடத்திய அந்த அமெரிக்க இளைஞர்களில் ஒருவர்கூட, நான் படித்த மலேசியத் தமிழ்க் கதைகளில் மறக்க முடியாத பாத்திரமாக எழுந்து நிற்கவில்லை. தோட்டத்துப் பையன் ஒருவன், தன் வாழ்க்கையில் முதல்முதலாகத் தன்னை 'மிஸ்டர்' என்று கூப்பிட்ட வெள்ளைக்காரனைப் பார்த்து என்ன நினைத்திருப்பான்? நாவலாகவே விரியக்கூடிய விஷயம் அது. அதை எழுத வேண்டியது அமெரிக்கர் இல்லை, நாம்.

நாம் வெளியே போய்வந்து எழுதுவதும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பயணம் என்றால் பாதி கோயில், மீதி எழுத்தாளரோடு எடுத்துக்கொண்ட படம். அங்கே நம்மை யார் சங்கடப்படுத்தினார்கள், நாம் எங்கே முட்டாளாக நின்றோம், நம் பேச்சைக் கேட்டு யார் சிரித்தார்கள் என்பதையெல்லாம் மறைத்துவிடுகிறோம். 'ஒற்றன்' எழுதும் தைரியம் நமக்கு இன்னும் வரவில்லை.

இங்கேதான் அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' எனக்கு முள்ளாகக் குத்துகிறது. பிள்ளைகளுக்கு அன்பளிப்புக் கொடுக்கிற ஒருவர், சாரங்கன் என்ற பையனை விட்டுவிடுகிறார். வேண்டுமென்று இல்லை; அவன் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக அதில் எழுதித் தரச் சொல்கிறான். தமிழில் இதைவிடத் துயரமான கதை முடிவு ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மலேசிய எழுத்தாளர்கள் எத்தனை பேர் தம் புத்தகத்தைத் தாமே அச்சிட்டு, எடுத்துக்கொண்டு போய், தமிழ்நாட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்னுரைக்கு நீட்டியிருக்கிறோம்! டைரி நம்முடையது, காசு நம்முடையது, எழுதியதும் நாம். அன்பளிப்பு என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் அவர்கள் கையை எதிர்பார்த்து நிற்கிறோம்.

நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2017-இல் விஷ்ணுபுரம் விருது சீ. முத்துசாமிக்குக் கிடைத்தது. மலேசிய எழுத்தாளரைத் தமிழ்நாட்டு வாசகர்கள் உட்காரவைத்து, அவருடைய கதைகளைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டார்கள். மாலை போட்டு அனுப்புவது வேறு, படித்துவிட்டுக் கேள்வி கேட்பது வேறு. இரண்டாவதில்தான் இரண்டு பக்கமும் சமமாக உட்கார முடியும். அந்த மாதிரி இன்னும் நிறைய நடக்க வேண்டும். அதற்கு, கேள்வி கேட்கத் தூண்டுகிற எழுத்து நம் பக்கத்திலிருந்து போக வேண்டும்.

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது பிஸ்கட் டின்னை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏழு பெயர்களில் இரண்டின் மை வெளுத்துப்போயிருந்தது. பெரியப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. என்னிடம் பேனாவைக் கொடுத்து, "நான் சொல்றேன், நீ அழுத்தி எழுது" என்றார். பெயரை மட்டும்தான் சொல்வார் என்று நினைத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் யார் மகன், எந்த லயம், எந்த நிரையில் பால் வெட்டினான், இப்போது எங்கே என்று சொல்லிக்கொண்டே போனார். படத்தின் பின்பக்கத்தில் இடம் போதவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துவரச் சொன்னார்.